மலைமேல் தண்ணீர் உப்பா?

நான் பார்த்த வேலை தண்ணீரைச் சோதிப்பது. கல்பாக்கத்தில் ஓர் ஆய்வகம். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கடல் தண்ணீர், கழிமுகத் தண்ணீர் எது வந்தாலும் அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்களுக்கு இது சப்பென்ற வேலையாகத் தெரியும். எனக்கு அப்படி இல்லை. ஒரே தெருவில் இரண்டு கிணறு, ஒன்று கற்கண்டு, மற்றது வாயில் வைக்க முடியாது. ஏன்? அந்த ஏனைத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் வைத்த தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, இது எந்தப் பக்கத்துக் கிணறு என்று பரிமாறுகிறவரைக் கேட்பேன். பக்கத்து இலையில் இருக்கும் என் வீட்டுக்காரர் மேசைக்குக் கீழே காலை மிதிப்பார்.

அவர் பஸ் கண்டக்டர். திருவான்மியூரில் ஏறினால் கடற்கரைச் சாலை வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரைக்கும் வரும் பஸ். தொண்ணூறுகளில் நான் கல்லூரிக்குப் போய்வந்ததும் அதே பஸ்தான். சில்லறை விஷயத்தில் சண்டை போட்டுத்தான் பழக்கம் ஆரம்பித்தது. என் அப்பா தெற்கிலிருந்து வேலைக்கு வந்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியேறிய மனிதர். என் வீட்டுக்காரர் வீட்டிலோ அவருக்கு முந்தைய தலைமுறை முழுக்க அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட கூட்டம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். எங்கள் கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை. அதெல்லாம் பிறகு சரியாகிவிட்டது. கல்யாணமான புதிதில் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்கு முன்னால் ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் அவர் தன் மோட்டார் சைக்கிளை என் கையில் கொடுத்து ஓட்டச் சொன்னார். மீனவப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், கூட வேலை செய்த ஒருவர் எல்.டி.சி.யில் குடும்பத்தோடு லடாக் போய்விட்டு வந்தார். எங்கள் மாதிரி அரசாங்கச் சம்பளக்காரர்களுக்கு நாலு வருடத்துக்கு ஒரு தரம் ஊர் சுற்றக் கிடைக்கும் சலுகை அது. அவர் சொன்னார், அங்கே மலைகளுக்கு நடுவில் பாங்காங் என்று ஓர் ஏரி இருக்கிறது, மேகம் போகிற உயரம், தண்ணீர் உப்பு என்று. நான் விடவில்லை. பனி உருகி வரும் தண்ணீர் எப்படி உப்பாகும்? உள்ளே வரும் தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை, வெயிலில் ஆவியாகி ஆவியாகி உப்பு மட்டும் தங்கிவிடுகிறது, கேளம்பாக்கத்து உப்பளம் மாதிரிதான் என்றார். நியாயமாகத்தான் பட்டது. அப்படியானால் எவ்வளவு உப்பு? கடல் அளவுக்கா, எங்கள் கழிமுகம் அளவுக்கா? நாக்கில் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "குளிரில் கையையே விட முடியவில்லை, நாக்கையா விடுவேன்" என்றார். அவ்வளவு தூரம் போய் ஒரு சொட்டுக்கூட ருசி பார்க்காமல் வந்த மனிதர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, சொல்லி முடியாது.

அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. சாம்பாரில் உப்புக் கூடினால் ஏரி, குறைந்தால் ஏரி. மூன்று வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என் எல்.டி.சி. முறை வந்தபோது, "போலாம் வா. அந்தத் தண்ணிய நீ நக்கிப் பாக்காம எனக்கு நிம்மதி இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். மெட்ராஸிலிருந்து டெல்லிக்கு ரயில். டெல்லியிலிருந்து லே நகருக்கு விமானம், அது எங்கள் கைக்காசு. லேயில் மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். அங்கிருந்து சாங் லா என்ற கணவாயில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினால் ஏரி. கணவாய் வரைக்கும் அவர் ஓட்டுவது, அங்கிருந்து ஏரிக்கு நான் ஓட்டுவது என்று பாகப்பிரிவினையும் முடிந்தது.

ஜூன் மாதத்து ரயில் பயணம். நாக்பூர் தாண்டியதும் ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. டெல்லியில் காற்றே நெருப்பு. மறுநாள் விடிந்ததும் விமானம் ஏறி, ஒரு மணி நேரத்துக்கெல்லாம் பனிமலைக்கு நடுவில் இறக்கிவிட்டார்கள். அடேயப்பா, அந்த வானத்தின் நீலம்! எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மலையெல்லாம் மொட்டை. ஒன்று ஊதா, ஒன்று காவி, ஒன்று சாம்பல். ஒரே மண்ணில் எப்படி இத்தனை நிறம்? வீட்டிலிருந்து கொண்டுபோன ஊறுகாய்ப் பாக்கெட்டுகள் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு நின்றன. வெளியே காற்றழுத்தம் குறைவு, அதனால் உள்ளே இருக்கும் காற்று விரிந்திருக்கிறது என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். அவர் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்து, "வெடிக்கறதுக்குள்ள துன்னுடலாம்" என்றார்.

நாங்கள் தங்கியது ஒரு லடாக்கி அம்மாவின் வீட்டு மாடி அறை. வந்ததும் இரண்டு நாள் படுத்து ஓய்வெடுங்கள், குளிக்கவே குளிக்காதீர்கள் என்று அந்த அம்மா இந்தியில் சொன்னார். எனக்கு ஆபீஸில் படித்துப் பாஸ் செய்த இந்தி உண்டு, புரிந்தது. ஆனால் நாங்கள் யார்? இரண்டு நாள் ரயில் சூடு, டெல்லிச் சூடு எல்லாம் உடம்பில் ஏறியிருக்கிறது. அவருக்கு இறங்கியதிலிருந்து தலைவலி, கண் எரிச்சல். போதாததற்கு அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை, உடம்பில் சூடு, தலைவலி. இந்த மூன்றும் சேர்ந்தால் நம் ஊரில் எந்தப் பெண்பிள்ளையும் யோசிக்க மாட்டாள். பெட்டியிலிருந்து நல்லெண்ணெய்ப் பாட்டிலையும் சீயக்காய்ப் பொட்டலத்தையும் எடுத்தேன்.

அந்த அம்மா வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய் வழிய நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். என்ன நினைத்தாரோ. நான் பரபரவென்று தேய்த்துக் குளிப்பாட்டினேன். சூடான தண்ணீர் மேலே படும்வரை சுகம், அடுத்த கணம் பனிக்கட்டி. பல் கிட்டித்துக்கொண்டது அவருக்கு. துவட்டி, கம்பளி போர்த்திப் படுக்க வைத்தேன். மறுநாள் காலையில் தலைவலி இன்னும் அதிகம், குமட்டல், ஒரு வாய் ரொட்டிகூட இறங்கவில்லை.

"ஒண்ணியும் இல்ல. பித்தம் கெளம்பிக்கீது" என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சிலருக்குப் பித்தம் கிளம்பும், தெரிந்த கதைதான். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன், இஞ்சி மரப்பா கொடுத்தேன். அவரைப் படுக்கச் சொல்லிவிட்டு ஏரிக்குப் போகும் அனுமதிச் சீட்டு வாங்க நான் மட்டும், சுற்றுலாக்காரர்களுக்காக ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்த அலுவலகத்துக்குப் போனேன். படியேறினால் எனக்கும் மூச்சு வாங்கியது, நாலு படிக்கு ஒரு தரம் நின்றேன். ஆனால் தலைவலி எதுவும் இல்லை. திரும்பி வந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். பித்தம் இறங்கிவிட்டது என்றார். முகம் வெளுத்திருந்தது. குளிரில் எல்லார் முகமும் அப்படித்தான் இருந்தது.

அடுத்த நாள் காலையில் வாடகை வண்டியின் சாவியை வாங்கினோம். அவர் அதை என்னிடம் நீட்டினார்.

"நீயே ஓட்டுமே. மேல வரைக்கும் நீயே ஓட்டு."

"கணவாய் வரைக்கும் நீதானே?"

"நான் பஸ்ஸுலயே நின்னுகினு வந்தவன். இன்னிக்கு ஒக்காந்துகினு வரேன், போ."

எனக்கு ஒரே குஷி. என்ன மனசு இந்த மனுஷனுக்கு என்று உருகிப்போனேன். சிந்து நதியை ஒட்டிய சாலையில் வண்டி போனது. ஆற்றோரம் மட்டும் பச்சை. பிறகு இடதுபக்கம் திரும்பி ஒரு கிராமத்தைத் தாண்டி ஏற ஆரம்பித்தோம். கீழே பார்லி வயல்கள் கட்டம் கட்டமாகச் சிறுத்துக்கொண்டே போயின. ஒவ்வொரு வளைவிலும் எனக்கு ஒரு கேள்வி. இந்தக் கல் ஏன் இப்படி உடைகிறது, இந்தப் புல் என்ன புல், அந்த மாட்டுக்கு ஏன் இவ்வளவு மயிர். தலையைத் திருப்பிக் கத்திக் கத்திக் கேட்டுக்கொண்டே போனேன். பின்னாலிருந்து "ம்" என்று மட்டும் வந்தது.

உயரம் ஏற ஏற வண்டி இழுக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகினாலும் மாட்டு வண்டி வேகம். பயந்துவிடப் போகிறாரே என்று நான் விளக்கினேன்: "வண்டிக்கு ஒண்ணும் ஆகலைய்யா! பெட்ரோல் எரியக் காத்து வேணும்ல, இங்க காத்து கம்மி! அதுக்கு மூச்சு முட்டுது, அவ்ளோதான்!" இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. இரும்புக்கு மூச்சு முட்டுகிறது என்று தெரிந்த எனக்கு, பின்னால் உட்கார்ந்திருக்கிறவரும் அதே காற்றைத்தான் இழுக்கிறார் என்று உறைக்கவில்லை.

கணவாய் உச்சியில் கொடிகள் படபடத்துக்கொண்டிருந்தன. பனி அழுக்காகக் குவிந்திருந்தது. ராணுவக்காரர்கள் ஒரு கொட்டகையில் வருகிறவர்களுக்கெல்லாம் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏரிக்குப் போகும் ஜீப்புகள் வரிசையாக நின்று கிளம்பின. நான் வண்டியை நிறுத்தி இறங்கி, "வந்துட்டோம்யா கண்டக்டரே! இனி இறக்கம்தான், மதியத்துக்குள்ள தண்ணியில கை வெச்சிடலாம்" என்றேன்.

அவர் இறங்கினார். நேராக நடக்கவில்லை, பக்கவாட்டில் போனார். குடித்தவர்கள் நடப்பது போல. அவர் குடிப்பவர் இல்லை. கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாமே, கூட்டம் கம்மியா கீது? மாமல்லபுரம் டிக்கெட்டெல்லாம் எறங்கிட்டாங்களா?"

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இல்லாத தோல்பையை இடுப்பில் தடவித் தேடினார். "பை எங்க? பையக் காணோம்மே" என்று சொல்லும்போது அழுகிற குரல். கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது, டீ கொடுத்துக்கொண்டிருந்த சிப்பாய் ஓடிவந்தார்.

பக்கத்திலேயே சின்ன மருத்துவ அறை. மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்த ராணுவ மருத்துவ உதவியாளர், எப்போது லே வந்தீர்கள், தலைவலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். சொன்னேன். "பித்தம்" என்பதற்கு எனக்கு இந்தியில் வார்த்தை தெரியவில்லை, நல்லவேளை. இது உயரத்தால் வரும் நோய், மூளையைப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, மருந்து ஊசி போடுகிறேன், ஆனால் உண்மையான மருந்து கீழே இறங்குவது மட்டும்தான் என்றார். இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. கீழே என்றால் வந்த வழியே. ஏரிப் பக்கம் இறங்கினால் அங்கும் உயரம்தான். காலையில் எல்லா ஜீப்பும் ஏரிப் பக்கம் போகும், திரும்பி வருவதற்கு மதியம் தாண்டிவிடும். தன்னிடம் இப்போது வண்டியும் இல்லை, அனுப்ப ஆளும் இல்லை. "நீங்கள்தானே ஓட்டி வந்தீர்கள்? உங்களால் ஓட்டிக்கொண்டு போக முடியுமா?"

முடியும் என்றேன். முடியுமா என்று எனக்கே தெரியாது. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் மூன்று வருடம் நான் பேசிப் பேசித் தேய்த்த ஏரி. ஏரி அப்போது என் நினைவிலேயே இல்லை என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். இருந்தது. ஒரு ஜீப் அந்தப் பக்கம் இறங்கி வளைவில் மறைவதைப் பார்த்தேன். அப்புறம் என் துப்பட்டாவைக் கழற்றி மருத்துவ உதவியாளரிடம் கொடுத்தேன். அவர் என் வீட்டுக்காரரை என் முதுகோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார். தூங்க விடாதீர்கள், பேசிக்கொண்டே போங்கள், பதில் சொல்ல வையுங்கள் என்றார்.

எனக்குப் பேசச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் வளைவிலேயே ஆரம்பித்துவிட்டேன். "யோவ் கண்டக்டரே, தூங்குன, தொலைச்சிடுவேன்! வாயத் தொற! திருவான்மியூர் விட்டா அடுத்த ஸ்டாப்பிங் என்ன? சொல்லுய்யா!"

என் முதுகில் அவர் தலை கனத்தது. பிறகு, "சதுரங்கப்பட்டினம்."

"திருவான்மியூர் விட்டா சதுரங்கப்பட்டினமா? நடுவுல இருக்கறவன்லாம் கடல்ல குதிச்சு நீந்திப் போவானா? சரியா சொல்லு!"

"நெம்மேலி... முட்டுக்காடு... மணமை..."

பதினைந்து வருடம் தினமும் கத்திய பெயர்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட வரிசை மாறாமல் சொல்கிறவர். பெயர்கள் எல்லாம் இருந்தன, வரிசைதான் குலைந்து கிடந்தது. எனக்கு அழுகை முட்டியது. அழுதால் ரோடு தெரியாது, ஒரு பக்கம் அதலபாதாளம். அதனால் திட்டினேன். அவரைத் திட்டினேன், அவர் டிப்போவைத் திட்டினேன், நல்லெண்ணெயைத் திட்டினேன், என்னைத் திட்டிக்கொண்டேன். நேரான ரோடு வரும்போதெல்லாம் இடதுகையால் அவர் முட்டியில் ஓங்கி அறைந்து, "மறுபடி மொதல்லேர்ந்து!" என்பேன்.

"முட்டுக்காடு... மாமல்லபுரம்..."

"கோவளத்துல எறங்கறவன் உன்ன அடிக்க வருவான்! மறுபடி!"

உருகிய பனி ரோட்டைக் கடந்து ஓடிய இடத்தில் சக்கரம் வழுக்கியது. இரண்டு காலையும் ஊன்றி நின்றேன். ஷூவுக்குள் ஐஸ் தண்ணீர். முதுகில் கட்டிய கனத்தோடு வண்டி ஒரு பக்கம் சாய, கோட்டைக்கு முன்னால் அவர் சொல்லிக் கொடுத்ததெல்லாம் மறந்து, வெறும் வெறியில் நிமிர்த்தினேன். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ. மீண்டும் இறக்கம். பார்லி வயல்கள் கண்ணில் பட்டன. வண்டி லேசாக இழுக்க ஆரம்பித்தது தெரிந்தது. வண்டிக்கு மூச்சு வருகிறதென்றால் அவருக்கும் வரும். அதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

"திருவான்மியூர் விட்டா?"

"முட்டுக்காடு. கோவளம். திருவிடந்தை."

வேகத்தைக் குறைத்துக் காதைக் கொடுத்தேன்.

"நெம்மேலி. பட்டிபுலம். மாமல்லபுரம், மாமல்லபுரம் எறங்கு." குரலில் அந்தப் பழைய கரகரப்பு. "மணமை. புதுப்பட்டினம். சதுரங்கப்பட்டினம். கடேசி ஸ்டாப்பு, எல்லாம் எறங்கு." பிறகு மெல்ல, "இன்னாத்துக்குமே என்ன கட்டி வெச்சிக்கீற?"

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கட்டை அவிழ்க்கவில்லை. ஹேண்டில்பார் மேல் தலையை வைத்து ஓவென்று அழுதேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆடுகளோடு போய்விட்டார்.

லே ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் இனி அப்படிப்பட்ட உயரத்துக்கு ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துணிமணி எடுக்க நான் அறைக்குத் திரும்பியபோது அந்த வீட்டு அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். சரியான கோபம் அவருக்கு. நீ அலுவலகம் போன அன்றைக்கே உன் புருஷனிடம் சொன்னேனே என்றார். தலைவலி, வாந்தி என்றால் மேலே போகக் கூடாது, செத்துப்போவாய் என்று இங்கிலீஷில் சொன்னேன், அவர் தலையாட்டினார், புரிந்தது என்று சொன்னார், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார் என்றார். மாமல்லபுரத்து வெள்ளைக்காரர்களுக்குப் பதினைந்து வருடம் டிக்கெட் கிழித்தவருக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியாதா என்ன.

ஆஸ்பத்திரிக்குப் போன வேகத்தில் நர்ஸ் பயந்துவிட்டாள்.

"தெரிஞ்சேதான் வந்தியா? பித்தம் பித்தம்னு என் காதுல பூ சுத்துனியா?"

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பித்தம்னாத்தான் நீ நம்புவ."

"யோவ், செத்துப்போயிருப்பய்யா!"

"மூணு வருசமா ஏரி ஏரின்னு சொல்லிகினு கீற. இவ்ளோ தூரம் வந்துட்டு, தலவலி, வா திரும்பிப் போலாம்னா சொல்லுவாங்க? மேல போயி எறங்கிட்டா சரியாப் போயிடும்னு நெனச்சேன்." பிறகு, "நீ மட்டும் போயிட்டு வாமே. பர்மிட்டு இன்னும் ஒரு நாள் கீது இல்ல" என்றார்.

"உன்ன இங்க போட்டுட்டு அங்க போயி எந்தத் தண்ணிய நக்கறது?" என்று கத்தினேன். அடிக்கக் கை ஓங்கி, அந்தக் கையாலேயே அவர் தலையைப் பிடித்து அணைத்துக்கொண்டேன். அவர் மேல் அப்போதும் எண்ணெய் வாசம் போகவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் பார்த்தால், ஆள் என் கையில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் திணிக்கிறார். மூடிமேல் பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஒரு ஜீப் டிரைவரைப் பிடித்து, ஏரிக்குப் போய்த் திரும்பும்போது தண்ணீர் பிடித்துவரச் சொல்லியிருக்கிறார். "பாங்காங் தண்ணி. நீயே டெஸ்டு பண்ணிக்க" என்றார். உலகத்தையே வாங்கிக் கொடுத்துவிட்டது போல முகம். அந்த வாரத்தில் அவர் முகத்தில் நான் பார்த்த முதல் வெளிச்சம் அது. ரயிலில் அந்தப் பாட்டிலை யாரையும் தொடவிடவில்லை, தலைமாட்டில் வைத்துத் தூங்கினார்.

வேலைக்குத் திரும்பிய அன்று மாலை, எல்லோரும் போன பிறகு பாட்டிலைத் திறந்தேன். உப்பைக் கண்டுபிடிக்கும் முறை சுலபமானது. தண்ணீர் மஞ்சள் நிறமாகும்படி ஒரு சொட்டு ரசாயனம் விட்டு, பிறகு சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தண்ணீரில் உப்பு இருக்கிறவரை மஞ்சள் மாறாது. உப்புத் தீர்ந்ததும் செங்கல் நிறமாகிவிடும். கடல் தண்ணீர் என்றால் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நான் கரைசல் இருந்த கண்ணாடிக் குழாயைத் திறந்து இரண்டு சொட்டு விட்டேன். செங்கல் நிறம்.

கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவி மறுபடி செய்தேன். மறுபடியும் அதே. நாக்கில் வைத்தேன், இளநீர் தோற்றது. பாவி, அந்த டிரைவர் ஏரிப் பக்கமே போகவில்லை, லேயில் ஏதோ ஒரு குழாயில் பிடித்திருக்கிறான். அப்போதே விமானம் ஏறிப் போய் அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல வெறி வந்தது. அப்புறம் அந்த வெறி அடங்கி, வீட்டில் காத்துக்கொண்டிருப்பவரின் முகம் நினைவுக்கு வந்தது. சாதாரணக் கிணற்றுத் தண்ணீருக்குக்கூட ஒரு எண்ணை மாற்றிச் சொல்லாதவள் நான். வழியெல்லாம் யோசித்துப் பார்த்தும் என்ன சொல்வது என்று பிடிபடவில்லை.

டியூட்டி முடிந்து வந்து காக்கிச் சட்டையோடேயே அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். "டெஸ்டு ஆச்சா?"

"இல்லப்பா. நேரம் கெடைக்கல. நாளைக்குப் பாக்கறேன்" என்று பாட்டிலை மேடைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

கதவிடுக்கில் பார்க்கிறேன், பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். அப்படியே நின்றார். இன்னொரு வாய் குடித்தார், நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். முகம் செத்துப்போனது. பிறகு நான் இருக்கும் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, பாட்டிலை மேடை விளிம்புக்கு நகர்த்தி, முழங்கையால் ஓர் இடி இடித்தார். எல்லாத் தண்ணீரும் தரையில்.

"ஐயையோ! ஏமே, வா இங்க! கை தவறிடுச்சுமே!"

ஓடிப்போனேன். ஓடிப்போகத்தானே வேண்டும்.

"நாக்குல வெச்சுப் பாக்கலாம்னு எடுத்தேன். யம்மா, இன்னா உப்பு! தூக்கிவாரிப் போட்டுச்சு, அதுல கை தவறிடுச்சி." செம்பில் குழாய்த் தண்ணீர் பிடித்துக் கொப்பளித்து வேறு காட்டினார்.

நான் திட்டினேன். திட்டாவிட்டால் சந்தேகப்படுவார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த தண்ணீரை இப்படிப் பாழாக்கிவிட்டாயே, உனக்கு அறிவிருக்கிறதா என்று பக்கத்து வீடுவரை கேட்கத் திட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, துணியால் தரையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். துணியைப் பிழிந்து போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"வுடுமே. டெஸ்டு இன்னாத்துக்கு? நான் குடிச்சேன் இல்ல. உப்புதான்."

"எவ்ளோ உப்பு?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். சரியாகச் சொல்ல வேண்டும் என்று நிஜமாகவே யோசித்தார்.

"நெறைய" என்றார்.

"சரி" என்றேன்.